சுவருக்கு முன்னால் வந்த வாசக்கால்

மூலக்குளத்தில் எங்கள் மனைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திய அந்த மனிதர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காட்சியை யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

காலி மனை. சுவர் இல்லை, தூண் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. முன்பக்கத்தில் பழைய தேக்கு வாசக்கால் ஒன்று மட்டும், சவுக்குக் கம்புகளின் முட்டுக்கொடுப்பில் தனியாக நிற்கிறது. அதன் தலையில் மஞ்சள் துணி, காய்ந்த மாவிலைத் தோரணம். நடுவில் ஓர் ஆடு நின்று அசை போடுகிறது. பின்னால் தரையெல்லாம் சுண்ணாம்புக் கோடு. கோடுகளுக்கு நடுவே, வெட்ட வெளியில் அடுப்பைப் பற்றவைத்து, என் மாமியார் மீன் வறுத்துக்கொண்டிருக்கிறார்.

"பிளானிங் ஆபீஸ்லேர்ந்து வரேன். சைட் பாக்கணும்" என்றார் வந்தவர்.

பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். வருஷக்கணக்காக "ரூல்னா ரூல்தான்" என்று பிள்ளைகளை வெயிலில் ஓட விட்டவள். அப்பேர்ப்பட்ட நான், அனுமதி வருவதற்கு முன்னால் வீட்டு வாசலை நட்டுவைத்துவிட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்!

போன வாரம் இந்தத் தொடரை, மனை வாங்கிப் பத்திரம் முடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். "அப்புறம் வீடு கட்டினீங்களா இல்லியா?" என்று என் தங்கையே போனில் சண்டைக்கு வந்துவிட்டாள். கட்டினோம் தாயே. ஆனால் கதவிலிருந்து தொடங்கினோம்.

ஊதுபத்தி வாசனை

கல்யாணமானதிலிருந்து நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள். சாரம் பகுதியிலேயே ஏழு வீடு மாறியிருக்கிறோம். வீட்டுக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஏழு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கண்டிஷன் போட்டார்கள். "எல்லாம் சரி டீச்சர். மீன் மட்டும் வேணாம். வாடை நமக்கு ஒத்துக்காது."

யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள். என் கணவர் கலியமூர்த்தி கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர் வேலைக்குப் போனாலும் நாக்கு குப்பத்திலேயே இருக்கிறது. அவருடைய அம்மா அஞ்சலை பெரிய மார்க்கெட்டில் ஆயுசுக்கும் மீன் விற்றவர். இன்றைக்கும் போகிறார். வேண்டாம் என்றால், "வூட்ல குந்திக்கினு உம் மூஞ்சப் பாக்கவா?" என்பார்.

ஒருதடவை நாக்கு அடங்கவில்லை. வீட்டு ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்று நம்பி, கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, நாலு கருவாட்டுத் துண்டை வறுத்தேன். வாடையை மறைக்க ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தி வைத்தோம். பத்தே நிமிஷத்தில் மேல் வீட்டு அம்மா பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

"டீச்சர்! யாருக்கு என்னா ஆச்சு? இம்மாம் ஊதுபத்தி வாசன வருதே, யாராச்சும் போய்ட்டாங்களா?"

இவர் வாய் நிறையக் கருவாடோடு, "யாரும் இல்லீங்க" என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மா அதைத் துக்கம் என்றே நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தை ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. "மீன் வறுக்கக்கூடாத வூட்ல எனுக்கு இன்னா வேல?" என்று வாசலோடு திரும்பிவிடுவார். மகள் வீட்டில்தான் வாசம். மகனுக்கு வறுத்த மீனை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வந்து, கடற்கரைக் கல்லில் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து சாப்பிடச் சொல்லுவார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் அம்மாவோடு திருட்டுத்தனமாக மீன் தின்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அதனால்தான் சொல்கிறேன், நாங்கள் கட்ட நினைத்தது வீடுகூட இல்லை. ஜன்னல் திறந்த ஓர் அடுப்படி. அதைச் சுற்றி மற்ற அறைகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபைல் ஓடிய ரிலே

பேங்க்கில் கடன் தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் அனுமதி பெற்ற பிளானைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடிதம் வெறும் காகிதம். "மறுபடி அப்ளை பண்ணலாம்தானே சார்?" என்று கேட்டேன். மேனேஜர் இவருடைய பிறந்த தேதியை ஒருமுறை பார்த்தார். "ரிட்டயர்மெண்ட் பக்கத்துல வந்துடுச்சு மேடம். இன்னொருதரம் கஷ்டம்" என்றார். ஆக, வீடு கட்ட எங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

பிளான் வரைந்து கொடுத்தவர் லூயி சார். லைசென்ஸ் உள்ள இன்ஜினியர். வீட்டில் பிரெஞ்சு, வெளியில் தமிழ். காகிதச் சுருளை மேஜைமேல் விரிக்கும்போதெல்லாம் "வுவாலா!" என்பார், 'இதோ!' என்று அர்த்தமாம். முதல் தடவை கேட்டபோது எனக்கே கை தட்டலாம் போலிருந்தது.

ஃபைலைப் பிளானிங் ஆபீஸில் கொடுத்த அன்றைக்கு, கிளார்க் ஓங்கி ஒரு சீல் குத்தினார். டொக்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாசலில் வந்து இவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அது அனுமதி சீல் இல்லை, வெறும் 'பெறப்பட்டது' சீல் என்று மறுநாள் லூயி சார் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த ஃபைல் மேஜை மேஜையாக ரிலே ஓடியது. மூன்றாவது மேஜையில் ஒரு கேள்வியோடு நின்றது. மனை மூலையில் வேப்பமரம் இருக்கிறதாம், பிளானில் காட்டவில்லையாம்.

"அது மரமில்லீங்க, செடி. என் இடுப்பு உசரந்தான் இருக்கும்" என்றேன்.

"வளராதா மேடம்?" என்றார் கிளார்க்.

லூயி சாருக்கு ரோஷம் வந்து, வீட்டைவிடப் பெரிதாக ஒரு வேப்பமரத்தை வரைந்து கொடுத்தார். அடுத்து மழைநீர்க் குழி. அதையும் வரைந்தார். அதற்கடுத்து, பக்கத்து மனைக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே விடவேண்டிய இடம் அரை அடி குறைகிறது என்று திரும்பி வந்தது. லூயி சார் பென்சிலை எடுத்து, "சமையல் ரூம்ல ஒரு அரை அடி..." என்று ஆரம்பித்தார்.

"சார்! எங்க வேணா வெட்டுங்க. அடுப்படில மட்டும் கை வச்சீங்க, நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

"அப்ப எங்கம்மா வெட்டறது?"

"இவரு படுக்கற பக்கம் வெட்டுங்க. ஒருக்களிச்சுப் படுத்துக்குவாரு."

இவர் சரியென்று தலையாட்டினார். அடுப்படி தப்பியது.

அத்தை வாங்கிய வாசல்

வைகாசி முடியப்போகிறது. ஃபைல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் ஒரு குட்டியானை லோடு வண்டி மனை வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். பின்னால் கயிறு கட்டிய வாசக்கால் ஒன்று படுத்திருந்தது.

டவுனில் ஏதோ பழைய வீட்டை இடித்திருக்கிறார்கள். அதன் வாசக்கால் பழைய மரக்கடைக்கு வந்திருக்கிறது. மார்க்கெட் போகிற வழியில் பார்த்தவர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பணத்தில் வாங்கிவிட்டார். தேக்கு. மேல் கட்டையில் ஒரு லட்சுமி, இரண்டு பக்கமும் யானை. அருமையான வேலைப்பாடு. உயரம் மட்டும் ஐந்தேகால் அடி. நானோ ஐந்தடி எட்டு அங்குலம். வண்டியிலிருந்து இறக்கி நிமிர்த்தி வைத்ததும் ஆசையாக உள்ளே நுழைந்தேன். நெற்றியில் 'ணங்' என்று ஒன்று வாங்கினேன்.

"அந்தக் காலத்து வாசப்படி. குனிஞ்சு வரணும்டி" என்றார் அத்தை. அவர் நாலே முக்கால் அடி. அவருக்கு என்ன!

அதோடு விட்டாரா? "வைகாசில கடைசி முகூர்த்தம் இந்த வெள்ளிக்கெழம. வாசக்கால் வச்சிடணும். அடுத்தது ஆனி, ஆடி. ரெண்டுலயும் வைக்கக்கூடாது."

"அத்த, இன்னும் பர்மிட்டே வரல."

"பர்மிட்டு வரப்ப வரட்டும். போன நாளு திரும்பி வருமா?"

நானாவது தடுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஆசை இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஆபீசுக்குப் போய், யோக்கியமாகவே கேட்டேன். "சார், அனுமதி வர்றதுக்கு முந்தி என்னென்ன செய்யக்கூடாது?"

"கடகால் தோண்டக்கூடாது, செங்கல் வைக்கக்கூடாது, கான்கிரீட் போடக்கூடாது" என்றார் கிளார்க்.

அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டக்கூடாது. சரி. செங்கல், கான்கிரீட் கூடாது. சரி. வாசக்கால் நடக்கூடாது என்று அவர் சொன்னாரா? சொல்லவே இல்லை. ஆட்டத்தில் சொல்லாத ரூல் ரூலே இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த ஆணவத்துக்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் எல்லாம் திரண்டுவிட்டது. வருகிறவர்களுக்கு வீடு எது என்று தெரிய வேண்டாமா? கபடிக் கோர்ட்டுக்குப் போடுகிற சுண்ணாம்புப் பொடியால், லூயி சாரின் பிளானை அங்குலம் பிசகாமல் தரையில் போட்டுவைத்தேன். ஹால், அடுப்படி, படுக்கை அறை எல்லாம் வெள்ளைக் கோடாக விரிந்தன. ஐயர் வந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"வீடு எங்கம்மா?"

"வருங்க சாமி. நீங்க ஆரம்பிங்க."

நவதானியம் போட்டு, பாலை ஊற்றி, மணலில் வாசக்காலை நட்டோம். ஒரு பிடி சிமெண்ட் கிடையாது. ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு பெரிய திறந்த மனையில் ஒருத்தர்கூடச் சுற்றிக்கொண்டு வரவில்லை. அத்தனை பேரும் செருப்பைக் கழற்றி, குனிந்து, வாசக்கால் வழியாகத்தான் வந்தார்கள். கோட்டைத் தாண்டாமல் அறை அறையாக உட்கார்ந்தார்கள். என் பெரியப்பா மட்டும் நிழல் பார்த்து ஓர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"பெரியப்பா, அது பாத்ரூம்" என்றேன்.

அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து அன்றைக்கு மனையே குலுங்கிச் சிரித்தது.

பத்து நிமிஷம் மேடம்

ஆனி முழுக்க அந்த வாசக்கால் ஒற்றையாக நின்றது. பக்கத்துத் தெரு ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொண்டன. போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்பி எடுத்தார்கள். ஒருநாள் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, கேமராக்காரரோடு வந்து இறங்கியது.

"ஒரே ஒரு பத்து நிமிஷம் மேடம். கடற்கரையில எடுத்து எடுத்து எல்லாருக்கும் அலுத்துப் போச்சு" என்றார் கேமராக்காரர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டை பிடித்தேன். மாப்பிள்ளை தலையில் இடித்துக்கொண்டதையும் சேர்த்துப் படம் பிடித்தார்கள். அந்தப் பெண் படங்களை ஸ்டேட்டஸில் வைத்தாள். அது அங்கே சுற்றி இங்கே சுற்றி, பிளானிங் ஆபீஸில் யாருடைய போனுக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. இது எங்களுக்கு எப்படித் தெரியும்?

குனிஞ்சு வாங்க

ஆடி பிறந்து, பேங்க் கடிதம் காலாவதியாகப் பதினாறு நாள் இருக்கும்போதுதான் அந்த ஸ்கூட்டர் வந்தது. அத்தைக்கு அன்றைக்கு மார்க்கெட்டில் நல்ல கிழங்கான் மீன் மலிவாகக் கிடைத்திருந்தது. "எம்மவன் அடுப்படிலயே வறுக்கறேன்" என்று ஸ்டவ்வும் சட்டியுமாக நேரே மனைக்கு வந்துவிட்டார். இவர் ராத்திரி டியூட்டி முடிந்து வந்திருந்ததால், 'ஹாலில்' பாயை விரித்துப் படுத்திருந்தார்.

வந்தவர் ஆறடி உயரம். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். வாசக்காலில் சாய்ந்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது இந்த எடந்தானே மேடம்?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு டேப்பை எடுத்தார். நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது, எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் வரலாம். அவரோ ஆட்டை விரட்டிவிட்டு, ஹெல்மெட்டையும் ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, வாசக்கால் வழியாகவே வந்தார். ணங்! நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"குனிஞ்சு வாங்க தம்பி. வந்து ஹால்ல குந்துங்க" என்று அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

அவர் உட்காரவில்லை. என் சுண்ணாம்புக் கோடுகளை டேப் வைத்து அளந்தார். முன்பக்கம், பின்பக்கம், அந்தப் பாழாய்ப்போன அரை அடி, எல்லாம் பிளானோடு கச்சிதமாகப் பொருந்தியது. "யாரு போட்டது?" என்று கேட்டார். "நாந்தான்" என்றேன். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்புறம் படிவத்தைப் பிரித்ததும் அது போய்விட்டது.

"இதுல ஒரு கேள்வி இருக்கு மேடம். பணி தொடங்கப்பட்டுள்ளதா? ஆம், இல்லை. ஆம்னு போட்டா ஃபைல் திரும்பிடும். மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

"சிமெண்ட் போடலீங்க. கடகால் தோண்டலீங்க" என்று படபடத்தேன்.

"புரியுது. ஆனா நாலு மூலைலேர்ந்தும் போட்டோ எடுத்துப் போடணும். எல்லாத்துலயும் வாசல் நிக்குமே! இதக் கழட்டிட்டீங்கன்னா..."

"வாய மூடு தம்பி!" அத்தை கரண்டியோடு எழுந்துவிட்டார். "பால ஊத்தி வச்ச வாசக்கால எடுக்கறதா? சொல்ற வார்த்தையா இது?"

இவர் எழுந்து வந்து, அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேங்க் கடிதம் இன்னும் பதினாறு நாள்தான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வந்தவர் குரலைத் தணித்தார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. இது வீடா, மனையா? வீடுன்னா நான் ஆம்னுதான் எழுதணும். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

அத்தை குனிந்து சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டார். மகன் வீடு, மகன் வீடு என்று இத்தனை வருஷம் காத்திருந்தவர். அது வீடு இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். 'கடன் போனால் போகட்டும் அத்தை' என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அத்தை வாசக்கால் பக்கம் போனார். முந்தானையால் லட்சுமியின் முகத்தைத் துடைத்தார்.

"எடுக்கல தம்பி. படுக்க வைக்கறோம். வந்த நாள்லேர்ந்து ஒத்தையா நின்னுக்கினே கெடக்குது. அதுக்கும் காலு வலிக்காதா? ஆவணி வரைக்கும் தூங்கட்டும்."

"அப்ப இது?"

"மனதான் தம்பி. வெறும் மன" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் விசிலை எடுத்துவிட்டேன். கழுத்திலேயே கிடப்பது, பழக்கதோஷம். நானும் இவரும் ஒரு பக்கம், ஆட்டைத் தேடி வந்த ஆட்டுக்காரர் ஒரு பக்கம். ஆள் பத்தவில்லை. வந்தவர் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். நான் விசில் ஊத, நாலு பேருமாக அந்தத் தேக்கு வாசக்காலைப் பூப்போல இறக்கிப் படுக்கவைத்தோம். அத்தை தன் பழைய புடவையை அதன்மேல் போர்த்திவிட்டார்.

"மனையில மரம் படுத்துக் கெடக்கலாம். தப்பில்ல" என்று சொல்லி, அவர் நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்தார். படிவத்தில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். டப்பென்று மூடிவிட்டார். அது 'இல்லை' என்பது, பதினோரு நாள் கழித்து அனுமதி சீல் குத்திய பிளான் கைக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது தெரியாதே!

கிளம்பப்போனவரை அத்தை மறித்தார். தட்டில் இரண்டு மீன்.

"வேணாம்மா. லஞ்சம்னு சொல்லிடுவாங்க."

"அட போ தம்பி. நீதான் எழுதி மூடிட்டியே! லஞ்சம்னா வஞ்சிரம்ல குடுத்திருப்பேன்? இது கிழங்கான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நின்றபடியே இரண்டையும் முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றார். கையைக் கழுவிக்கொண்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

மனை நாலு பக்கமும் திறந்து கிடந்தது. ஸ்கூட்டர் நின்றதோ வலது ஓரத்தில். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் வாசலுக்காக நான் விட்டிருந்த இடைவெளிக்கு வந்தார். அங்கே ஒன்றுமில்லை, வெறும் காற்று. ஆறடி மனிதர் தலையைக் குனிந்து, அங்கே இல்லாத வாசக்காலில் இடித்துக்கொள்ளாமல், பத்திரமாக வெளியே போனார்.

"என்னா எழுதியிருப்பாரு?" என்று, வழியனுப்ப வெளியே வந்த இடத்தில் இவர் என் காதோரம் கேட்டார்.

"மீன் ஆறுது. ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று அத்தை அதட்டினார்.

நாங்கள் குனிந்து உள்ளே போனோம்.